எமனோவின் கோத்தக் கதைகள்: யார் படிக்க வேண்டிய புத்தகம்?

பர்ரோவும் எமனோவும் சேர்ந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைத் திறந்து ‘பால்’ என்ற சொல்லைப் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எல்லாச் சொல்லும் ரோமன் எழுத்தில்தான் இருக்கும். முதலில் தமிழ், பிறகு மலையாளம், கொஞ்சம் தள்ளி கோத்தம், தோடம், கன்னடம், குடகு, தெலுங்கு என்று வரிசையாகப் போகும். தமிழ்ச் சொல்லில் ‘ஆ’ நெடில் என்று காட்ட எழுத்தின் தலைமேல் ஒரு கோடு. கோத்தச் சொல்லிலும் அதே நெடில்தான், ஆனால் தலைமேல் கோடு இல்லை. எழுத்துக்குப் பக்கத்தில், நடு உயரத்தில் ஒரு புள்ளி. தோடத்துக்கும் குடகுக்கும் அதே புள்ளி. கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் மறுபடி கோடு.

ஒரே பதிவுக்குள் ஒரே ஒலிக்கு ஏன் இரண்டு குறி? ஒரு மென்பொருள்காரனுக்கு இந்த மாதிரி விஷயம் கண்ணில் பட்டால் தூக்கம் வராது. தேடிப் போனதில் கிடைத்த விடை இதுதான்: அந்தப் புள்ளி அமெரிக்கப் பழங்குடி மொழிகளை எழுதியவர்களின் வழக்கம். எட்வர்ட் சபீரும் அவருடைய மாணவர்களும் எழுத்தே இல்லாத மொழிகளை வாயிலிருந்து கேட்டு எழுதும்போது நெடிலுக்கு அப்படித்தான் புள்ளி வைத்தார்கள். எமனோ சபீரிடம் பாடம் கேட்டவர். 1935-ல் நீலகிரிக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். ஏட்டில் எழுதி வைத்த மொழிக்கு சமஸ்கிருதப் பண்டிதர்களின் கோடு. வாயில் மட்டும் இருந்த மொழிக்கு அமெரிக்கப் புள்ளி.

முன்னாடியே சொல்லிவிடுகிறேன், நான் மொழியியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பெசன்ட் நகர் வீட்டில் ஸ்கேன் பிரதியும் அகராதியுமாக உட்கார்ந்து படித்ததை வைத்து எழுதுகிறேன். துறை சார்ந்தவர்கள் படித்தால் பின்னூட்டத்தில் சேர்க்க வேண்டியதைச் சேருங்கள்.

மரே பார்ன்சன் எமனோ 1904-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், லூனன்பர்க் என்ற மீன்பிடி ஊரில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்து, யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1931-ல் சமஸ்கிருதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். தலைப்பு நமக்குத் தெரிந்த வேதாளம், விக்கிரமாதித்தன் கதையின் சமஸ்கிருத வடிவம்தான். அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்திருந்த காலம், வேலை கிடைப்பது கஷ்டம். அப்போது யேலுக்கு வந்து சேர்ந்த சபீர்தான் அவரைத் தோடர் மொழி பக்கம் திருப்பிவிட்டவர். 1935 முதல் 1938 வரை மூன்று வருடம் இந்தியாவில் களப்பணி. தோடம், கோத்தம், குடகு, கோலாமி. அதற்குப் பிறகு பெர்க்கிலியில் பேராசிரியர். 2005-ல் 101 வயதில் காலமானார்.

எனக்கு இதில் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. களப்பணி மூன்று வருடம். கோத்தக் கதைத் தொகுப்பு 1944 முதல் 1946 வரை பகுதி பகுதியாக வந்தது. கோலாமி மொழி பற்றிய புத்தகம் 1955. தோடர் பாடல்கள் 1971. தோட இலக்கணமும் உரைகளும் 1984. அதாவது மூன்று வருடம் கேட்டதை எழுதி முடிக்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. நடுவில் அகராதி வேலை வேறு. முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984, 5,500-க்கும் மேற்பட்ட பதிவுகள். இன்றைக்கு ஆறு மாதத் திட்டத்துக்கு நிதி வாங்கி ஏழாவது மாதம் அறிக்கை கொடுக்கிற உலகத்தில் இந்தப் பொறுமைக்கே ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியவில்லை. தோடம், கோத்தம் இரண்டையும் யுனெஸ்கோவின் 2010 வரைபடம் மிகக் கடுமையான ஆபத்தில் இருக்கும் மொழிகள் என்று வகைப்படுத்துகிறது. இரண்டுமே சில ஆயிரம் பேருக்குள் அடங்கும் மொழிகள். 1971-லிருந்து நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாயிரத்துக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளைத் தனியாக அச்சிடுவதில்லை, ‘மற்றவை’ என்ற ஒரே வரியில் அடக்கிவிடுகிறது. அப்படிப்பட்ட மொழிக்கு எமனோவின் புத்தகங்கள் என்ன செய்திருக்கின்றன? என்ன செய்திருக்க முடியும்? இதுதான் என் கேள்வி.

முதலில் கோத்தக் கதைகளை எடுத்துக்கொள்வோம். தோடர் பாடல்கள்தான் பெரிய சாதனை என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் எனக்கு இதுதான் முக்கியமான புத்தகமாகப் படுகிறது.

கோத்தர்கள் நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழ்பவர்கள். கொல்லு வேலை, மண்பாண்டம், மரவேலை, வாத்தியம் எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. தோடர் வீட்டுச் சாவுக்கும் படுகர் வீட்டுச் சாவுக்கும் அவர்கள்தான் வாசிக்க வேண்டும். எமனோவின் தொகுப்பில் உள்ள கதைகள் அநேகமாக எல்லாமே ஒரே மனிதர் சொன்னவை. அவர் பெயர் சுல்லி, கோல்மேல் ஊர்க்காரர். பள்ளி ஆசிரியர், ஆங்கிலம் தெரிந்தவர். எமனோ அவர் பெயரை மறைக்கவில்லை. ‘ஒரு தகவலாளி சொன்னார்’ என்று போகிற போக்கில் எழுதுவது சகஜமாக இருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

இந்த சுல்லி யார் என்பதுதான் சுவாரசியம். அதே வருடங்களில் அதே மனிதரிடம் வேலை செய்த மானிடவியலாளர் டேவிட் மேண்டல்பாம், 1960-ல் சுல்லியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். அதில் வரும் சுல்லி ஒரு சீர்திருத்தக்காரர். குடுமியை வெட்டிக்கொண்டவர். அடுத்த சாதிக்காரன் வீட்டுச் சாவுக்குப் போய் வாசிப்பது நமக்குக் கேவலம் என்று சொன்னவர். செத்த மாட்டின் கறியை விட வேண்டும் என்று சொன்னவர். ஊரில் பெரிய எதிர்ப்பைச் சம்பாதித்தவர். அவர் சொல்லும் கதைகளில் அவரே கொஞ்சம் நடுநாயகமாக வந்துவிடுவார் என்பதையும் மேண்டல்பாம் கவனித்திருக்கிறார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கோத்தர் மரபு என்று உலகம் முழுக்க மொழியியல் மாணவர்கள் படிப்பது, அந்த மரபை மாற்றத் துடித்த ஒருவர் தன் வாயால் சொன்ன வடிவம். எமனோ மொழியைப் பார்த்தார். வினைமுற்றையும் வேற்றுமையையும் பார்த்தார். அந்த வகையில் கதை யார் சொன்னாலும் ஒன்றுதான். ஆனால் கதை என்று படிக்கும்போது அப்படி இல்லை. அரசாங்கத்தோடு பேச வேண்டியிருக்கிறது, பள்ளிக்கூடம் வந்துவிட்டது, பக்கத்துச் சமூகங்கள் மதிக்க மாட்டேன் என்கிறார்கள், இந்த நிலையில் நாம் யார் என்று ஒரு படித்த கோத்தர் தன் மொழியிலேயே யோசிக்கிற சத்தம் அதில் கேட்கிறது. 1930-களில் தமிழில் இதே கேள்விகளைக் கேட்டவர்களை நாம் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். கோத்தத்தில் கேட்டவர் ஒரு மொழியியல் வரிசை நூலுக்குள் இருக்கிறார். எமனோவின் முன்னுரையில் சுல்லியின் கதை சொல்லும் திறமைக்கு மரியாதை இருக்கிறது. அவருடைய அரசியலுக்கு இடம் போதவில்லை என்பது என் அபிப்பிராயம்.

தோடர் பாடல்கள் வேறு மாதிரி. ஏறக்குறைய ஆயிரம் பக்கம். தோடர்களில் பாட்டுக் கட்டத் தெரியாதவர் அபூர்வம், எது நடந்தாலும் பாட்டாகிவிடும். சொற்றொடர்கள் இணை இணையாக வரும். ஒன்றைச் சொன்னால் அதன் ஜோடியையும் சொல்லியாக வேண்டும், ஜோடி எது என்பது மரபில் முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கும், இரண்டின் அசை எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ஆளைப் பெயர் சொல்லாமல், இடத்தை நேராகச் சொல்லாமல், ஜோடிகளாலேயே சுட்டிக்காட்டி, கேட்பவர் ‘ஆ, அவரைத்தான் சொல்றாங்க’ என்று பிடித்துக்கொள்ள வேண்டும். ஒப்பாரியில் தயாராக இருக்கும் வரிகளை வைத்துப் புதிய சாவைப் பாடுவார்கள் இல்லையா, அதை நூறு மடங்கு இறுக்கமாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு ஜோடியையும் பிரித்துக் காட்டியது எமனோவின் சாதனை. எந்தக் கருத்துமாறுபாடும் இல்லை. ஆனால் அதைப் படித்து ஒரு தோடப் பெண் புதிதாகப் பாட்டுக் கட்ட முடியுமா என்றால், அந்தப் புத்தகம் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. பக்கத்தில் சொல் இருக்கிறது, குரல் இல்லை.

வெறும் சொல்பட்டியல் போதாது, பேச்சும் பாட்டும் முழுசாக வேண்டும் என்று ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் கடற்கரையை ஒட்டிய ஊரூர் குப்பத்தில் போய்ப் பேசிப் பாருங்கள். கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றின் பெயர்களை அகராதியிலும் பார்க்கலாம். எந்தக் காற்றுக்கு எந்த மாதத்தில் வலையைப் போடலாம், எதற்குக் கரையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாக்கியத்தில்தான் இருக்கிறது.

இனி கதையின் மற்ற பாதிக்கு வருகிறேன். இதற்கு அமெரிக்கா போக வேண்டும்.

எமனோ பெர்க்கிலியில் மொழியியல் துறையைத் தொடங்கியவர், அதன் முதல் தலைவர். அதே 1950-களின் தொடக்கத்தில் அவரும் மேரி ஹாஸும் சேர்ந்து கலிபோர்னிய இந்திய மொழிகளுக்கான ஆய்வுத் திட்டம் ஒன்றை அமைத்தார்கள். மாணவர்களை ஒவ்வொரு பழங்குடி ஊருக்கும் அனுப்பி, கடைசிப் பேச்சாளர்களிடம் கேட்டு எழுதி, நோட்டுப் புத்தகங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது. அன்றைக்கு நோக்கம் முழுக்க முழுக்க விஞ்ஞானம்தான். மொழி சாகப் போகிறது, அதற்குள் எழுதி வைத்துவிடுவோம்.

நாற்பது வருடம் கழித்து நடந்தது அவர்கள் கணக்கில் இல்லாதது. 1990-களில் லியான் ஹின்டன் என்ற பெர்க்கிலிப் பேராசிரியரும் கலிபோர்னியப் பழங்குடி மொழி ஆர்வலர்களும் சேர்ந்து, பேசுபவர் யாரும் மிஞ்சாத மொழிகளின் பேரப்பிள்ளைகளை அந்த ஆவணக் காப்பகத்துக்குக் கூட்டிவந்தார்கள். ‘ப்ரெத் ஆஃப் லைஃப்’, உயிர்மூச்சு என்று அந்தப் பயிலரங்குக்குப் பெயர். ஒவ்வொருவருக்கும் ஒரு மொழியியலாளர் துணை. தாத்தா, பாட்டி சொன்னதை எவனோ எழுதி வைத்த நோட்டை எடுத்து, குறிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டு, ஒரு வாக்கியம், ஒரு பிரார்த்தனை, ஒரு தாலாட்டு என்று திரும்ப வாய்க்குக் கொண்டுவருவது. நான் மேலே சொன்ன அந்த நடுப்புள்ளியை நெடில் என்று படிக்கக் கற்றுக்கொள்வதும் அந்தப் பாடத்தில் ஒன்று.

இன்னும் நெருக்கமான ஒப்பீடு மேரி ஹாஸின் சொந்த வேலை. அவரும் சபீரின் மாணவி. 1933-ல் லூயிசியானாவில் டூனிக்கா மொழியின் கடைசிப் பேச்சாளரான செசாஸ்ட்ரி யூஷிகான்ட் என்பவரிடம் உட்கார்ந்து எழுதினார். பேச ஆளில்லாமல் பல வருடம் அந்த மொழி அவர் வாயில் கிடந்திருக்கிறது. ஹாஸின் டூனிக்காக் கதைகள் 1950-ல் வந்தன, அகராதி 1953-ல். எந்த வரிசையில் தெரியுமா? கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் வெளியீட்டு வரிசை. எமனோவின் கோத்தக் கதைகள் வந்த அதே வரிசை. கோத்தம் இரண்டாவது, மூன்றாவது தொகுதி, டூனிக்கா ஆறாவது. ஒரே குரு, ஒரே குறியீட்டு மரபு, ஒரே பதிப்பகம், ஆறேழு வருட இடைவெளி. இரண்டுக்கும் பின்னால் கதை சொன்ன ஒரு தனிமனிதர்.

2010-ல் டூனிக்கா-பிலோக்ஸி பழங்குடியினர் டுலேன் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர்களோடு சேர்ந்து ஹாஸின் புத்தகங்களை அடிப்படையாக வைத்து மொழியை மீட்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு அந்த மொழியில் குழந்தைகளுக்கான கோடைகால முகாம் நடக்கிறது, கதைப் புத்தகங்களும் பாடப்புத்தகமும் வந்திருக்கின்றன. பேசுகிறவர் ஒருவர்கூட இல்லாமல் போன மொழி! பேசுகிறவர்கள் இன்னும் வீட்டில் இருக்கும் கோத்த மொழிக்கு, பக்கத்து அலமாரிப் புத்தகம் ஏன் அந்த வேலையைச் செய்யவில்லை?

பணம் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டாம். டூனிக்கா-பிலோக்ஸிக்கு 1981-லேயே அமெரிக்க அரசின் அங்கீகாரம் கிடைத்தது, சொந்தச் சூதாட்ட விடுதி இருக்கிறது, மொழிக்கென்று தனி அலுவலகம் இருக்கிறது. இன்னொரு பக்கம் பார்த்தால் அவசரமும் வித்தியாசம். பாட்டி வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது புத்தகத்தை யார் தேடுவார்கள்?

ஆனால் இந்த இரண்டையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. டூனிக்காவின் பேரப்பிள்ளைகளுக்கு வீட்டு மொழி ஆங்கிலம். ஹாஸ் விளக்கம் எழுதியதும் ஆங்கிலத்தில். குறிகளைப் படிக்க ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் போதும், மீதி எல்லாம் அவர்களுக்குத் திறந்தே இருந்தது. கோத்தப் பிள்ளை படிக்கும் பள்ளியில் பாடமொழி தமிழ். எமனோவின் புத்தகத்திலோ ஒரு பக்கம் யாரும் எழுதிப் பழகாத குறியீட்டில் கோத்தம், மறுபக்கம் ஆங்கிலம். தன் மொழிக்கே போக அந்தப் பிள்ளைக்கு இரண்டு ஆறு தாண்ட வேண்டும், இரண்டிலும் பாலம் கிடையாது.

இதில் எமனோவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நோவா ஸ்கோஷியாக்காரர் கலிபோர்னியாவில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினார், வேறு எதில் எழுதுவார்? பாலம் போட்டிருக்க வேண்டியவர்கள் நாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970-களில் நல்ல வேலை செய்தது. சு. சக்திவேலின் தோட ஒலியனியல் 1976-ல் வந்தது, தோட இலக்கணம் 1977-ல். இருளர் மொழி பற்றியும் அங்கிருந்து நூல் உண்டு. சிதம்பரத்தில் அச்சிட்ட அந்த நூல்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன! துறை ஆட்கள் படிக்க, துறை மொழியில். தோடர் ஆசிரியர் ஒருவர் எடுத்துப் படிக்கிற மாதிரி ஒரு பதிப்பு அதோடு சேர்ந்து வந்திருக்கலாம்.

அன்விதா அப்பியின் வேலையை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்தமானில் கிரேட் அந்தமானியத்தைப் பதிவு செய்தவர். அதன் கிளைமொழியான ‘போ’வின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். அப்பியின் அகராதி ஆங்கிலம், அந்தமானியம், இந்தி என்று மூன்று மொழியில் வந்தது, ஏனென்றால் அந்தச் சமூகத்தின் பிள்ளைகள் இன்று பேசுவது ஒரு வகை இந்தி. அந்த மூன்றாவது பத்தி எவ்வளவு பெரிய விஷயம் என்பது கோத்தப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் உறைக்கும்.

நாம் எமனோவை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். இணையத்தில் ஒரு சொல் தமிழா சமஸ்கிருதமா என்று சண்டை வரும். உடனே ஒருவர் அகராதிப் பதிவு எண்ணைப் போடுவார். ‘பாருங்க, தோடத்தில்கூட இருக்கு, அப்போ திராவிடம்தான்.’ நானும் இந்தச் சண்டைகளை ரசிப்பவன்தான். ஆனால் அதில் தோடமும் கோத்தமும் நம் வழக்குக்குச் சாட்சி சொல்ல வந்தவை. சாட்சி சொன்னதும் கூண்டிலிருந்து இறங்கிப் போய்விட வேண்டும். அடுத்த படியாக, ‘தோடம் தமிழின் கிளைமொழிதானே’ என்பார்கள். இல்லை. தமிழும் தோடமும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவை, ஒன்றிலிருந்து மற்றது வரவில்லை. நாம் ‘ஆள்’ என்பது அவர்களிடம் ‘ஓள்’ மாதிரி ஒலிக்கும். தோடர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயரே அதுதான். நம் ‘மன்று’, நீலகிரித் தமிழில் ‘மந்து’, கோத்தத்தில் ‘மந்த்’, தோடத்தில் மூக்கொலி விழுந்து ‘மொத்’. தோடர் ஊருக்குப் பெயர். ஊட்டியின் பழைய ஆங்கிலப் பெயரின் வாலில் தொங்குவதும் இதே சொல். இந்த மாற்றங்கள் கண்டபடி நடந்தவை இல்லை. ஆகாரம் ஓகாரமாவது தோடத்தில் விதி.

சரி, பாலம் போட்டால் எப்படி இருக்கும் என்று நானே கொஞ்சம் முயன்றேன். கோத்தக் கதைகளிலிருந்து ஒரு பக்கத்தைத் தமிழ் எழுத்தில் கொண்டுவருவது. முதல் அடியே தொழில்நுட்ப அடி: ஸ்கேன் பிரதியில் எழுத்துணரி மென்பொருளை ஓடவிட்டால் நடுப்புள்ளி பாதி இடத்தில் முற்றுப்புள்ளியாகிறது, பாதி இடத்தில் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. நெடில் எல்லாம் குறிலாகி, வாக்கியம் முழுக்கக் குட்டையாகிவிடும். கையால் அடிப்பதுதான் வழி.

உயிரெழுத்தில் கோத்தம் நமக்கு நல்லபடியாக ஒத்துழைக்கிறது. அ, இ, உ, எ, ஒ, அவற்றின் நெடில். பத்தும் தமிழில் இருக்கின்றன. தோடம் அப்படி இல்லை. பதினாறு உயிர், ஆறுக்கு நம்மிடம் எழுத்தே கிடையாது. ரகரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெரி பாஸ்கரராவும் பீட்டர் லாடிஃபோகெடும் இன்னொருவரும் சேர்ந்து 1996-ல் அதற்காகவே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். மூன்று விதமான ரகரம், ஒவ்வொன்றுக்கும் யகரச் சாயலோடு ஒரு ஜோடி, மொத்தம் ஆறு. ஆகவே தோடத்தை இப்போதைக்குத் தள்ளி வைத்தேன்.

கோத்தத்தில் சிக்கல் மெய்யெழுத்தில். க, ga இரண்டும் தனித்தனி ஒலியன் என்பார்களே, அந்தப் பிரச்சினை. ஒரு ‘க’வை வைத்துச் சமாளிக்க முடியாது. மயிலாப்பூர் மாடவீதிக் கடைகளில் விற்கும் சுலோகப் புத்தகங்களில் க, ச, த, ப பக்கத்தில் 2, 3, 4 என்று சின்ன எண் போட்டிருப்பார்கள் அல்லவா? அதே வழியைக் கடன் வாங்கிக்கொண்டேன். ஒலிப்புள்ள எழுத்துக்கு 3, அவ்வளவுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ற’. தொல்காப்பியம் இதை வல்லினத்தில் வைத்திருக்கிறது; க, ச, ட, த, ப மாதிரி தடுத்து வெடிக்கிற ஒலி. இன்றைக்கு நாம் ‘ர’ மாதிரிதான் சொல்கிறோம், பள்ளிக்கூடத்தில் ‘பெரிய ற’ என்று சொல்லி வித்தியாசத்தைச் சமாளிக்கிறோம். கோத்தத்திலும் தோடத்திலும் அந்த நுனியண்பல் வெடிப்பொலி இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழ் எழுத்தில் கோத்தத்தை எழுதினால் ‘ற’ தன் பழைய வேலைக்குத் திரும்பும். கோத்தர்களுக்கு நாம் எழுத்து கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போனால், நம் எழுத்துக்கு ஒலி அவர்களிடம் இருக்கிறது.

இந்த இடத்தில் என் வாதத்தின் பலவீனமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். நீலகிரியின் சின்ன மொழிகளை இன்று வீட்டிலிருந்து வெளியே தள்ளுவதில் பெரும் பங்கு தமிழுக்குத்தான். பள்ளி, பேருந்து, ரேஷன் கடை, தொலைக்காட்சி எல்லாம் தமிழ். அப்படியிருக்க, காப்பாற்றும் பாலமாகவும் தமிழே வருகிறேன் என்றால் கோத்தர் ஒருவர் சந்தேகமாகப் பார்ப்பது நியாயம். தமிழ் எழுத்தில் எழுதினால் உச்சரிப்பும் தமிழ் பக்கம் சாய்ந்துவிடும் என்று அவர் சொன்னால் அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எந்த எழுத்து, எந்தக் கதை, எதை வெளியே காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. டூனிக்காவில் முதல் அழைப்பு பழங்குடியிடமிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனது என்பதை மறக்கக் கூடாது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில், தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகியோரின் மொழி வளங்களையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு, உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். ஆனால் ஆவணம் என்றால் என்ன என்பதை எமனோவின் அலமாரி நமக்கு எண்பது வருடமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. வன்தட்டில் இருக்கும் ஒலிக்கோப்பை ஊரிலிருந்து திறக்க முடியுமா? விளக்கம் எந்த மொழியில் இருக்கும்? சொன்னவர் பெயர் இருக்குமா, அவர் பேத்தி அதைத் தேடி எடுக்க வழி இருக்குமா? புதிதாகப் பதிவு செய்வதற்கு முன்னால், ஏற்கெனவே இருக்கும் சுல்லியின் கதைகளை ஒலியோடு, தமிழ் விளக்கத்தோடு, கோத்தர்கள் ஒப்புக்கொள்ளும் எழுத்தில் கொண்டுவர அந்த 2 கோடியில் ஒரு சின்னத் துண்டு போதும்.

நான் எழுதிய அந்த ஒரு பக்கத்தை நண்பர் ஒருவர் மூலமாகக் கல்லூரியில் படிக்கும் ஒரு கோத்த மாணவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வாட்ஸப்பில் குரல் பதிவாகவே படித்து அனுப்பியிருந்தார். இரண்டு சொற்களை ‘இதை நாங்க இப்போ தமிழ்லதான் சொல்றோம் சார், பாட்டி மட்டும் இப்படிச் சொல்வாங்க’ என்றார். ஓரிடத்தில் நான் குறிலாக அடித்திருந்ததை நெடிலாகப் படித்தார். ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே மங்கலாக ஒரு புள்ளி. எண் போட்ட எழுத்து எப்படி என்று கேட்டேன். ‘படிக்க முடியுது சார். ஆனா நாங்க ஃப்ரெண்ட்ஸுக்குள்ள இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணித்தான் பேசிக்குவோம். அதுலயும் ஒண்ணு அனுப்புறீங்களா?’ அடுத்த பக்கத்தை இரண்டு விதமாகவும் அடித்துக்கொண்டிருக்கிறேன்.